வேற்றுக் கோளில் உயிர் தேடணுமா? ஜியாலஜி படிக்க விடுங்க

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், வேறு கோளில் உயிர் இருக்குமா என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாதாம். சென்னை மச்சான் "அப்ப ஏரோஸ்பேஸ்தான், மேனேஜ்மென்ட் சீட் நான் பேசி முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். வள்ளத்தை விற்கலாமா, நகையை அடகு வைக்கலாமா என்பது வரை வீட்டில் பேச்சு போய்விட்டது.

பயப்படாதீங்க அண்ணே, நேரம் இருக்கு என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் இதில் ஆறுதல் சொல்லிப் பிரயோஜனமில்லை. வள்ளத்தை விற்காதீர்கள், அவ்வளவுதான். ஏரோஸ்பேஸ் என்பது ராக்கெட்டையும் விமானத்தையும் பறக்க வைக்கிற படிப்பு. உங்கள் மகள் கேட்பது, அது போய் இறங்கும் இடத்தைப் பற்றி.

சூரியனிலிருந்து தூரம் சரியாக இருந்தால் உயிர் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தூரம் முக்கியம்தான், ஆனால் போதாது. வெள்ளி கிட்டத்தட்ட பூமி அளவுதான், தரையில் வெப்பம் 460 டிகிரி. கரியமில வாயு அத்தனையும் காற்றிலேயே தங்கிவிட்டது. இங்கே எரிமலை கக்கும் அதே வாயுவை மழை கரைத்து, பாறையை அரித்து, கடலடியில் சுண்ணாம்புக் கல்லாகப் படிய வைக்கிறது, பூமியின் மேலோட்டுத் துண்டுகளான நிலத்தட்டுகள் அதை உள்ளே இழுத்து எரிமலை வழியாகத் திரும்ப வெளியே விடுகின்றன, தண்ணீர் கொதித்துப் போகாமலும் மொத்தமாக உறையாமலும் இருப்பதற்கு இந்தச் சுற்று ஒரு பெரிய காரணம். செவ்வாய் சின்னது, உள்ளே சீக்கிரம் ஆறிக் காந்தப்புலம் போனது, பிறகு காற்றும் பெரும்பாலும் போய்விட்டது. இதெல்லாம் எந்தப் படிப்பு? பாறையையும் பூமியின் உள்ளையும் ஆராயும் ஜியாலஜி! 2021இல் நாசா செவ்வாயில் பெர்சவரன்ஸ் வண்டியை ஜெசீரோ பள்ளத்தில் இறக்கியதும், அது பழைய ஏரி, அங்கே கார்பனேட் பாறை, அதாவது சுண்ணாம்புக் கல் மாதிரி கரியமில வாயு சேர்ந்து உருவான கல், இருக்கிறது என்பதால்தான். பாம்பன் கரையில் மேலே தூக்கி நிற்கும் பழைய பவளப் பாறையும் கார்பனேட்தான், பிள்ளை சின்ன வயதிலிருந்து அதன் மேல்தான் நடக்கிறாள்.

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் வருஷம், ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதட்டும், அதில் ஜியாலஜிக்குத் தனித் தாள் உண்டு. பம்பாய், கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளில் எம்.எஸ்சி. கிடைத்தால் அங்கிருந்து அகமதாபாத்தில் பிஆர்எல் என்கிற இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் கோள் அறிவியல் ஆராய்ச்சிக்கு முயலலாம். ஆராய்ச்சி வேண்டாம் என்று மனம் மாறினாலும் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு இருக்கிறது, தேறினால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் குரூப் ஏ வேலை. இடம் குறைவு, போட்டி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

"சுத்தியலும் கையுமா மலை மலையா அலையற பொண்ணை யார் கட்டுவா" என்று மச்சான் கேட்டாராம். ஏரோஸ்பேஸுக்குப் பீஸ் கட்டப்போவது அவர் இல்லை, அதை நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போவதும் அவர் இல்லை. அட்வான்ஸ் எதுவும் கொடுப்பதற்கு முன்னால் அவரை எனக்குப் போன் போடச் சொல்லுங்கள் அண்ணே, நானே பேசிக்கொள்கிறேன்.