களத்துமேட்டுக்கு ஒரு சிறு தொலைக்காட்சி: மின்சாரம், ஆன்டெனா, ஹெட்போன் பற்றிய கேள்வி பதில்

கும்பகோணம் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பழுது பார்த்து வருகிறேன். சம்பா அறுவடை நெருங்கினால், களத்திலும் நெல் கொள்முதல் நிலையத்திலும் இரவுக் காவல் இருப்பவர்கள், கையில் தூக்கிச் செல்லும் சிறு தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஒரத்தநாடு வட்டம்): சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் 10 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று கொண்டுவந்தார். ஆன்டெனாவை முழுவதும் இழுத்து, மாடியில் வைத்துத் தேடியும் ஒரு சேனல்கூட வரவில்லை. செட் கெட்டுப்போய்விட்டதா, ஐயா?

பதில்: செட்டில் குறை எதுவும் இல்லை. சிங்கப்பூரில் தரைவழியே டிவிபி-டி2 முறையில் டிஜிட்டல் ஒளிபரப்பு நடக்கிறது. உங்கள் செட் தேடுவது அந்த அலையைத்தான். நம் நாட்டில் தூர்தர்ஷன் அந்த முறையை 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் டெல்டா ஊர் ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி மேற்கே திருப்பிக் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடித்தோமே, அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பிகளையும், முக்கியமான சில இடங்களைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் நாடெங்கும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்தக் கம்பியை எத்தனை முறை திருப்பினாலும் பயன் இருக்காது. அதற்காக பூஸ்டர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். இல்லாத அலையைப் பெருக்க முடியாது.

தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரு டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வைத்து இணைத்துக்கொள்வதே உங்களுக்கு வழி. மாதக் கட்டணம் கிடையாது. முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனல் அதில் வரும். ஆனால் கேபிளில் வரும் எல்லாத் தனியார் தமிழ்ச் சேனல்களும் கிடைக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிறு செட்டுகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் வைக்க இடம் இல்லாததால், ஹெட்போன் துளையைப் போன்ற ஒரே துளையில் படமும் ஒலியும் சேர்ந்து நுழையும். அதற்கான கம்பியின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். எந்தப் பகுதியில் படம், எந்தப் பகுதியில் தரை (கிரவுண்ட்) இணைப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், கடையில் கிடைத்த கம்பியைச் செருகியதும் படம் வராமல் உறுமல் ஒலி மட்டும் கேட்கலாம். அப்போது கம்பியின் மறுமுனையில், பாக்ஸ் பக்கத்தில், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி (வேதாரண்யம் பகுதி): 1980களில் எங்கள் வீட்டில் இலங்கை ரூபவாகினி பார்த்த கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் செட் பரணில் இருக்கிறது. அதை மீண்டும் ஓட வைக்க அம்மா ஆசைப்படுகிறார்.

பதில்: அம்மாவின் ஆசை எனக்குப் புரிகிறது. 1982இல் ரூபவாகினி தொடங்கிய பிறகு உங்கள் கரையோரத்தில் அது எவ்வளவு தெளிவாக விழுந்தது என்பதை நானும் கண்டிருக்கிறேன். செட்டின் பின்புறம் வீடியோ உள்ளீடு இருந்தால் செட்டாப் பாக்ஸை நேராக இணைக்கலாம். ஆன்டெனா துளை மட்டும் இருந்தால் ஆர்எஃப் மாடுலேட்டர் என்னும் சிறு பெட்டி இடையில் வேண்டும். கடலோர உப்புக்காற்றில் இத்தனை ஆண்டுகள் கிடந்த செட்டுக்கு உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். படக்குழாய்க்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் உருவாகும் என்பதால் நீங்களே திறக்கவும் கூடாது. படக்குழாய் செட் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் முதலில் கொடுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி அருகே இறால் பண்ணைக் காவலர்): டிஷ்ஷை எந்தத் திசையில் திருப்புவது? பண்ணையைச் சுற்றித் தென்னை நிற்கிறது.

பதில்: ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, அது நிலநடுக்கோட்டின் மேல், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. டெல்டாவிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கைப்பேசித் திசைகாட்டியில் ஏறத்தாழ 126 முதல் 128 டிகிரியில், தொடுவானத்திலிருந்து 69 டிகிரி உயரத்தில் இருக்கும். பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து வைக்காதீர்கள். வேறு நிறுவனத்தின் டிஷ் வேறு செயற்கைக்கோளை நோக்கியிருக்கலாம்.

செயற்கைக்கோள் தலைக்கு மேலே இவ்வளவு உயரத்தில் இருப்பது உங்களுக்கு நல்லதுதான். 13 மீட்டர் தென்னையானாலும், டிஷ்ஷுக்குத் தென்கிழக்கில் நிற்கும் மரத்தின் மட்டை நுனியிலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி டிஷ் இருந்தால் மரம் மறைக்காது. தட்டின் முகம் 45 டிகிரிதான் சாய்ந்திருப்பதாகத் தோன்றும். அலை, தட்டின் முன்னே கீழ்ப்பக்கம் விலகி நிற்கும் எல்.என்.பி. என்னும் சிறு அலைவாங்கிக் கருவியில் குவியும்படி தட்டு வடிவமைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். முதல் பட்டையான சிக்னல் அளவு, எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே உயர்ந்துவிடும். அதை நம்பி ஏமாந்தவர்கள் பலர். இரண்டாவதான தரப் பட்டையை மட்டும் பாருங்கள். தட்டை விரற்கடை அளவு நகர்த்தி, மூன்று நொடி காத்திருந்து, பிறகு மறுபடி நகர்த்துங்கள். கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெல்லத் திருப்பித் தரம் உச்சத்துக்கு வரும் இடத்தில் முடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் உறைந்தால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். மழை தணிந்ததும் தானே வந்துவிடும்.

கேள்வி (பாபநாசம் வட்டம்): கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு இரவெல்லாம் காத்திருக்கிறோம். யுபிஎஸ்ஸில் இருந்து எடுத்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடும்? டிராக்டர் பேட்டரியில் இணைக்கலாமா?

பதில்: 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி வருகிறது. ஈய பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும் என்பதால் 42ஐ மட்டும் கணக்கில் வையுங்கள். சிறு எல்இடி செட்டுக்கு 12 வாட், எல்.என்.பி.யோடு சேர்த்து செட்டாப் பாக்ஸுக்கு 8 வாட் என்றால் மொத்தம் 20 வாட். ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரைதான் ஓடும். ஐந்து மணி நேரம் வேண்டுமானால் 18 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்குங்கள்; யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த பழைய பேட்டரியில் எழுதியிருக்கும் அளவு இப்போது இருக்காது.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்கி, அடாப்டர் வழியே மீண்டும் 12 ஆக்கினால், நான்கில் ஒரு பங்கு வரை வெப்பமாகப் போய்விடும். செட்டும் பாக்ஸும் 12 வோல்ட் டிசி ஏற்பவை என்று சீட்டில் போட்டிருந்தால் நேராகக் கொடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். களத்தில் வைக்கோலும் சாக்கும் கிடக்குமிடத்தில் ஃபியூஸ் இல்லாத கம்பியைப் போடாதீர்கள் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பியின் பருமனையும் பலர் கவனிப்பதில்லை. காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய கம்பியைப் பத்து மீட்டர் இழுத்தால், போக வர இருபது மீட்டரில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே கரைந்துவிடும். செட் எரிந்து எரிந்து அணையும், பேட்டரி செத்துவிட்டதென்று நினைப்பீர்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு அரை வோல்ட் அளவில்தான் இருக்கும்.

டிராக்டர் பேட்டரியும் 12 வோல்ட்தான், ஆனால் என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். நிலையாக 12 வோல்ட் தரும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வையுங்கள். நெல்லை ஏற்றிச் செல்ல விடியற்காலையில் வண்டி கிளம்ப வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): தொலைந்த அடாப்டருக்குப் பதில் வேறு 12 வோல்ட் அடாப்டர் போடலாமா?

பதில்: வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் செட் கேட்பதைவிட அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. அதன் பிறகு சீட்டில் உள்ள சிறு படத்தைப் பாருங்கள்: நடுவே ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறை போன்ற வளைவு, இரண்டிலிருந்தும் கோடுகள், கோட்டின் முனைகளில் கூட்டலும் கழித்தலும். புள்ளியோடு சேர்ந்த குறி செட்டிலும் அடாப்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் தொழில் கற்ற நாளில் இதைப் பார்க்காமல் ஒரு வாடிக்கையாளரின் ஐந்து அங்குலச் செட்டில் மாறிய முனையைச் செருகிவிட்டேன். டப் என்ற ஓசைகூட வரவில்லை. கருகிய வாடை மட்டும் எழுந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே ஐசி ஒன்றின் முதுகில் மிளகளவு பொத்தல் விழுந்திருந்தது. என் சம்பளத்தில் அதை மாற்றிக் கொடுத்தேன்.

கேள்வி (சீர்காழி): அப்பாவுக்குக் காது மந்தம். ஹெட்போன் போட்டால் ஒரு காதில்தான் கேட்கிறது என்கிறார். ப்ளூடூத் வாங்கலாமா?

பதில்: பழைய சிறு செட்டுகளின் ஹெட்போன் துளை மோனோ. ஸ்டீரியோ பின்னைச் செருகினால் இடக்காதில் மட்டும் ஒலி வரும். மோனோவை ஸ்டீரியோவாக்கும் 3.5 மில்லிமீட்டர் அடாப்டர் ஒன்று போட்டால் இரு காதிலும் கேட்கும். புதிய செட்டென்றால் பின் முழுவதும் நுழைந்ததா என்று பாருங்கள். மேலுறையின் விளிம்பு தடுத்து ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் இதே குறைதான்.

ப்ளூடூத்தில் உதடு அசைந்த பிறகு சொல் வந்து சேரும். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால், அப்பாவுக்கு அந்தத் தாமதம் மிகவும் சிரமமாக இருக்கும். கம்பி ஹெட்போனும் மூன்று மீட்டர் நீட்டிப்பும் போதும். கம்பியை நாற்காலிக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அவர் எழும்போது செட் கீழே இழுபடாது. ஒலியைக் குறைந்த அளவில் வைத்துக் காதில் மாட்டிய பின் ஏற்றச் சொல்லுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரமானால் 80 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி (முத்துப்பேட்டை): 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பின் பல வாரம் மின்சாரம் இல்லாமல் தவித்தோம். அப்படிப்பட்ட நாளுக்கு இந்த ஏற்பாடு உதவுமா?

பதில்: புயல் கடந்த பிறகு உதவும், புயல் வீசும் இரவில் உதவாது. அந்தக் காற்றில் டிஷ் நிற்காது, நின்றாலும் மழையில் படம் வராது. எச்சரிக்கை வந்ததும், கம்பத்தில் டிஷ் நிற்கும் கோணத்தைப் பெயின்டால் குறித்துவிட்டு, அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். திரும்ப மாட்ட ஐந்து நிமிடம் போதும். பேட்டரியை அன்று பகலிலேயே முழுவதும் சார்ஜ் செய்துவிடுங்கள். அந்த இரவுக்கு மட்டும் செல் போட்ட சிறு வானொலி ஒன்று கையில் இருக்கட்டும்.