தறி நின்றால் வரும் விழிப்பு

வணக்கம் ஐயா,

சோமனூரில் தறிக்குடோனுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி சிங்காநல்லூர் வந்து ஆறு வருடம் ஆகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து ராத்திரி நாலைந்து முறை விழிப்பு வருகிறது. திருச்சி ரோட்டு லாரி ஹாரன், நாய் குரைப்பு, எதற்கும் எழுந்துவிடுகிறேன். ஹெட்செட் மாட்டி, போனில் மழைச் சத்தம் வைத்தால் தூக்கம் வருகிறது. இது கெட்ட பழக்கமா? எட்டு மாதக் குழந்தையும் பக்கத்தில்தான் தூங்குகிறான்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கெட்ட பழக்கம் இல்லை. ஹெட்செட்டை மட்டும் கழற்றிவிடுங்கள்.

மார்கழிக் குளிருக்கு ஃபேனை நிறுத்திவிட்டீர்களா? எனக்கு அதில்தான் சந்தேகம். பல்லடம் பக்கம் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுச் சுவரை ஒட்டி எட்டுத் தறி ஓடும். நாடா அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அமுச்சி (அம்மாவின் அம்மா) அதில் அசந்து தூங்குவார். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் சட்டென்று எழுந்து உட்காருவார். தூக்கத்திலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சீராக ஓடும் சத்தத்தை மூளை பொருட்படுத்துவதில்லை. திடீர் மாற்றம் என்றால் எழுப்பிவிடுகிறது. ஃபேன் இரைச்சல் இருந்தவரை ஹாரன் பாதி அதற்குள் அமிழ்ந்திருக்கும். இப்போது உங்கள் மழை அந்த வேலையைச் செய்கிறது.

அதற்காகத் தறி அளவுக்குச் சத்தம் கூடாது. குடோனுக்குள் 90 டெசிபலைத் தாண்டும். அதிலேயே வேலை செய்த அமுச்சிக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அவரிடம் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஹாரனை மங்கவைக்கும் அளவுக்கு மெதுவாக வைத்தால் போதும்.

குழந்தை இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். தூங்க வைக்கும் ஒலிக் கருவிகள் 14 வாங்கி முழுச் சத்தத்தில் அளந்த ஆய்வு ஒன்று 2014இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. மூன்று 85ஐயும் தாண்டின. அதனால் போனைத் தலைமாட்டில் வைக்காமல், தொட்டிலிலிருந்து ஏழடியாவது தள்ளி வையுங்கள். இடி இல்லாத மழையாகப் பார்த்து டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். நடுராத்திரி விளம்பரம் வந்தால் எல்லாம் போச்சு.

வீட்டில் டேபிள் ஃபேன் இருந்தால் இன்னும் எளிது. சுவரைப் பார்க்கத் திருப்பி ஓடவிடுங்கள். குளிர்காற்று மேலே படாது, சத்தம் மட்டும் கிடைக்கும். குழந்தை பாலுக்கு எழுப்புவது வேறு விஷயம். அது தவிரவும் சில வாரங்களுக்கு விழிப்பு தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். எப்படி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.