கணக்கு ட்யூஷன் என்று யார் சொன்னது?

கேள்வி: பின்லாந்தில், எஸ்போ நகரில் இருக்கிறோம். பிளஸ் டூ வயது மகன் ஒரு ஹெவி மெட்டல் பேண்டில் கீபோர்டு வாசிக்கிறான். இனி இதுதான் தொழில் என்கிறான். கேட்டால், 'நைட்விஷ்' என்ற மெட்டல் பேண்டின் கீபோர்டு கலைஞர் துவோமஸ் ஹோலோபைனனைப் பார் என்கிறான். வாரம் இரண்டு நாள் பயிற்சி. அவன் அப்பாவுக்குப் பிடிக்காது என்பதால், கணக்கு ட்யூஷன் போயிருக்கிறான் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். இந்தத் தொழிலை நம்பலாமா?

பதில்: சகோதரி, இப்படி வரும் கடிதங்களில் ஊரும் வாத்தியமும்தான் மாறுகின்றன. கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

துவோமஸ், கிதே என்ற சிற்றூர்க்காரர். அம்மா இசை ஆசிரியை. பியானோ, கிளாரினெட் எல்லாம் முறையாகக் கற்றவர். 1996-ல் நைட்விஷ் தொடங்கியதிலிருந்து அதன் பாடல்களில் பெரும்பகுதி அவர் எழுதியவை. கச்சேரியில் வாசிப்பவருக்கு அன்றைய சம்பளத்தோடு சரி. பாட்டை எழுதியவருக்கு தியோஸ்தோ என்ற இசைக் காப்புரிமை அமைப்பு வழியாக உரிமைத்தொகை வந்துகொண்டிருக்கும். உங்கள் மகன் சொந்தமாக ஏதாவது எழுதியிருக்கிறானா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எஸ்போவிலேயே உருவான 'சில்ட்ரன் ஆஃப் போடம்' பேண்டின் கீபோர்டு கலைஞர் யான்னே விர்மனையும் பாருங்கள். 1997-ல் சேர்ந்தவர், உலகம் சுற்றியவர். அவ்வளவு பெரிய பேண்டும் 2019 டிசம்பரில் கடைசிக் கச்சேரியோடு முடிந்துபோனது. 2000-லேயே அவர் தொடங்கிய 'வார்மென்' பேண்ட் மட்டும் அவரைக் கைவிடவில்லை. அதில் கிதார் வாசிப்பவர் அவருடைய கூடப் பிறந்தவர்.

உங்கள் பிள்ளையின் பேண்ட் கலைந்தால் வீட்டில் யார் அவனோடு நிற்பார்கள்? அப்பாவுக்குத்தான் விஷயமே தெரியாதே! போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், அந்தக் கணக்கு ட்யூஷனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாளைக்குக் கணக்கில் மார்க் குறைந்தால், "இவ்வளவு ட்யூஷன் போயுமா?" என்று அவர் பிள்ளையைத்தான் திட்டுவார். அப்போது என்ன சொல்வீர்கள்? தன் இசை வெளியே சொல்லக் கூடாத சமாச்சாரம், அப்பா ஏமாற்றிச் சமாளிக்க வேண்டிய ஆள் என்று பெற்ற அம்மாவே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாமா? தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் உரிமை உங்களுக்குக் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஒரு தடவை அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மகனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. லூக்கியோ என்கிற மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து, அதன் இறுதியில் வரும் யூலியோப்பிலாஸ் தேர்வை ஒழுங்காக எழுத வேண்டும். அந்த விஷயத்தில் நான் அவன் பக்கம் இல்லை.

இந்த வாரமே கணவரிடம் சொல்லுங்கள். பிள்ளையை முன்னால் தள்ளாமல் நீங்களே சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும், பொய் சொன்னது நீங்கள். அப்புறம் மகனின் அடுத்த கச்சேரிக்கு இருவரும் சேர்ந்து போங்கள். சத்தம் தாங்காது, காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் கிளம்பி வந்துவிடாதீர்கள்.