நாயின் காதில் எண்ணெய் ஊற்றும் முன் மோந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, தோட்டத்துக் காவலுக்கு மூன்று வயது லேப்ரடார் நாய் வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டியில் தினமும் இறங்கிக் குதிக்கும். பத்து நாளாக வலது காதை ஓயாமல் உதறுகிறது, பின்னங்காலால் பிறாண்டுகிறது, கிட்டப் போனால் புளித்த நாற்றம். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை ஆறவைத்து ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பட்ஸ் வைத்து வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? கூட ஒரு ராஜபாளையம் குட்டியும் இருக்கிறது, அதற்கும் செய்ய வேண்டுமா?
- தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: வணக்கம். எண்ணெய் வேண்டாம், பட்ஸும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த வலது காதில் சும்மா அழுக்கு சேரவில்லை, நோய் வந்திருக்கிறது. அழுக்குக் காதை வீட்டில் சுத்தம் செய்யலாம். நோய்க் காதை முதலில் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும், அவர் சொன்ன பிறகுதான் உள்ளே எதையும் விட வேண்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. காது மடலைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். நல்ல காது வெளிர் சிவப்பாக இருக்கும், நாற்றம் இருக்காது, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பான குறும்பி இருந்தாலும் தவறில்லை. தோல் செக்கச்சிவந்து தடித்திருந்தால், தொட்டதும் நாய் கத்தினால், நாற்றமோ சீழோ இருந்தால் அது நோய். பழுப்பாகப் பிசுபிசுவென்று, புளித்த வாடையுடன் இருந்தால் பெரும்பாலும் மலசீசியா என்ற பூஞ்சைதான் காரணம். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால், அதுவும் குட்டிகளில், காதுக்குள் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அது கூட இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். ஆனால் ஒரே காதில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும், நிறத்தை வைத்து நாமே முடிவு செய்து மருந்து வாங்கிவிடக் கூடாது. மருத்துவர் பஞ்சில் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் என்னவென்று தெரிந்துவிடும்.

எண்ணெயை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராக இல்லை. மேலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது, பம்புசெட் குழாயில் எல்போ மாட்டிய மாதிரி. செவிப்பறை அந்த வளைவைத் தாண்டி இருக்கிறது. ஊற்றிய எண்ணெய் வளைவில் தங்கிவிடும், லேப்ரடாருக்குத் தொங்கும் மடல் வேறு மூடி போட்டுவிடும், காற்றே போகாது. மலசீசியா கொழுப்பை விரும்பி வளரும் பூஞ்சை, அதற்கு எண்ணெய் ஊற்றுவது தீனி வைப்பதுதான். பூண்டுச் சாறு புண்ணாக இருக்கும் தோலை எரிக்கும், அதைக் காலால் துடைத்து நாய் நக்கினால் பூண்டு நாய்க்கு நஞ்சு என்பதும் இருக்கிறது. இதே காரணத்துக்காக வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

பட்ஸ் விஷயமும் அந்த வளைவால்தான். மேலே இருக்கும் அழுக்கை அது வளைவுக்குள் தள்ளி இறுக்கிவிடும், நாய் தலையைத் திருப்பினால் தோல் கிழியும். உங்கள் சுண்டுவிரலில் பஞ்சு சுற்றினால் எவ்வளவு தூரம் தாராளமாகப் போகிறதோ அதுவரைதான் நம் வேலை.

தோட்டக்காரர்களிடம் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கும் மடிநோய் டியூபை நாய்க் காதில் பிதுக்குவது, ஆட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஊசியைக் கண்ணளவாக நாய்க்குப் போடுவது, வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த காதுச் சொட்டு மருந்தை இரண்டு சொட்டு விடுவது, இந்த மூன்றும் செய்யாதீர்கள். செவிப்பறை ஓட்டையாகி இருந்தால் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து உள்காதுக்குப் போய் நாயைச் செவிடாக்கக் கூடும். ஐவர்மெக்டின் அளவு கூடினால் நரம்பைத் தாக்கும், சில இன நாய்களுக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து.

சரி, இப்போது என்ன செய்வது? நாளைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஒட்டோஸ்கோப் என்ற காது பார்க்கும் கருவியை வைத்து உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அருகில் அந்த வசதி இல்லை என்றால் கால்நடை பன்முக மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். போகும் முன் காதைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பதைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு நோய் தெரியும். தோட்டமாக இருப்பதால் உண்ணியோ, புல்லின் கூரான கதிரோ உள்ளே மாட்டியிருக்கலாம் என்றும் சொல்லுங்கள். மடல் உப்பி, தொட்டால் உள்ளே திரவம் தளும்பினால், உதறி உதறி ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் கட்டியிருக்கிறது, ஊசியால் குத்திவிடாதீர்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடை தடுமாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, நோய் உள்காதுக்கு இறங்கியிருக்கலாம்.

குணமான பிறகு வீட்டில் சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். நாய்களுக்கென்றே விற்கும் இயர் க்ளீனரை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக் குளிர் போக்குங்கள், சில்லென்று விட்டால் அடுத்த முறை பாட்டிலைக் கண்டதுமே ஓடிவிடும். ஒருவர் நாயை அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, பாட்டில் முனை தோலில் படாமல் குழாய் நிறையும் அளவுக்கு விட வேண்டும். பிறகு காதின் அடிப்பகுதியை, தாடை மூட்டுக்குப் பக்கத்தில், அரை நிமிடம் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள், உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். அப்புறம் கையை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள், நாய் தானே தலையை உதறும், வளைவுக்குள் இருந்த அழுக்கை மேலே கொண்டுவருவது அந்த உதறல்தான். மேலே வந்ததைப் பஞ்சால் துடைத்து எடுங்கள், அவ்வளவுதான். ஒரு காதுக்குப் போட்ட பஞ்சை இன்னொரு காதில் வைக்காதீர்கள். முடிந்ததும் பிடித்த தீனி ஒன்று கொடுங்கள்.

வலி இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், வாய்க்கட்டு போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. அப்படியும் பல் பட்டுவிட்டால், நம் நாய்தானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டால், நல்ல காதைத் தினமும் கழுவினாலே அந்த ஈரத்தில் புண்ணாகிவிடும். உங்கள் நாய் தண்ணீர்ப் பிரியன் என்பதால் தொட்டியிலிருந்து ஏறியதும் மடலின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், வாரம் ஒரு முறை மோந்து பாருங்கள், அழுக்கு தெரிந்தால் மட்டும் க்ளீனர். மருந்து முடிந்து காது நன்றாக ஆறும்வரை தொட்டியில் விடவே கூடாது. குணமாகிக் குணமாகித் திரும்ப வந்தால் அடியில் ஒவ்வாமை இருக்கலாம், தீவனத்தாலோ தெள்ளுப்பூச்சியாலோ. அதைக் கண்டுபிடிக்காமல் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தீராது.

ராஜபாளையம் குட்டிக்கு இப்போது எதுவும் விட வேண்டாம். மடலைத் தூக்கி உண்ணி இருக்கிறதா, கறுப்பாக ஏதும் உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காது அடைத்திருக்கிறது என்று குடையப் போகாதீர்கள், வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு. தூங்கும்போது பின்பக்கமிருந்து, காற்று அதன் மேல் படாத தூரத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் லேப்ரடாரோடு அதையும் வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போங்கள், இரண்டையும் ஒரே நடையில் காட்டிவிடலாம்.