கொட்டகையில் நின்ற ட்ரையம்ப்: முற்பணம் கொடுத்த பிறகு செசியில் (அடிச்சட்டத்தில்) துரு தெரிந்தால்

தலவாக்கலைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி:

"தோட்டமொன்றின் கொட்டகையில் வருடக்கணக்காக நின்ற 1960ஆம் ஆண்டு ட்ரையம்ப் டீஆர்3ஏ ஸ்போர்ட்ஸ் காரை 18 இலட்சத்துக்குப் பேசி, 4 இலட்சம் முற்பணம் கொடுத்தேன். 'செசி கல்லு மாதிரி, துரு இல்லை, என்ஜின் வேலை மட்டும்தான்' என்று தரகர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிறகு ஹட்டனிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஜக் வைத்துத் தூக்கிப் பார்த்தால், இடது பக்கம் பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே உள்ளே போகிறது. பைபர் ஒட்டி, மேலே தார் பூசி வைத்திருக்கிறார்கள். விற்பவர் அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து காலமானவரின் மகன். 1970களில் நாட்டை விட்டுப் போன தோட்டத்துரை தன் அப்பாவுக்குக் கொடுத்த கார் என்கிறார். லொக் புக் (பதிவுப் புத்தகம்) இன்னும் துரையின் பெயரில். துரை கையொப்பமிட்ட பெயர் மாற்றப் படிவம் இருக்கிறதாம். பற்றுச்சீட்டில் 'முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று எழுதியிருக்கிறது. பணத்தைத் திரும்ப வாங்கலாமா? விலையைக் குறைத்து எடுத்தால் வேறு செசி போடலாமா?"

பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு நல்ல காரணங்கள் இரண்டு உண்டு. நீங்கள் துருவைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ லொக் புக்தான் முதலில் கண்ணில் படுகிறது. விற்பவருக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வியும் அதுதான்.

அசையும் பொருள் விற்பனைக்கு இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பது, எழுதாவிட்டாலும், விற்பவர் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்ட நிபந்தனையாகக் கருதப்படும். வியாபாரியா தனியாளா என்ற வேறுபாடு இதில் இல்லை. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டும் உரித்தை முடிவு செய்யாது என்பதும் உண்மை. துரை காரை நன்கொடையாகக் கையளித்து, கிளாக்கர் அதை ஏற்றுக்கொண்டிருந்தால், அசையும் பொருள் என்பதால் நொத்தாரிசு உறுதி இல்லாமலே அது செல்லும். ஆனால் அதை நிரூபிக்க ஏதாவது வேண்டும்: துரையின் கடிதம், அந்தக் காலத்துக் காப்புறுதிப் பத்திரம், கிளாக்கர் தன் கையால் வரி கட்டிய அனுமதிப்பத்திரம். 'அப்பாவுக்குக் கொடுத்தார்' என்ற வாய்ச்சொல்லை வைத்து மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற முடியாது.

நன்கொடை உண்மையென்றே வைப்போம். அப்போதும் கிளாக்கர் மரணசாசனம் எழுதாமல் காலமாகியிருந்தால் மகன் மட்டும் உரிமையாளர் ஆகமாட்டார். அவர் மலையகத் தமிழர் என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தாது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உயிரோடு இருக்கும் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. தாய் இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. தாயும் மூன்று பிள்ளைகளும் என்றால், உங்களுக்கு விற்கும் மகனின் பங்கு காரில் ஆறில் ஒன்று. அத்தனை பேரும் கையொப்பமிட வேண்டும், அல்லது சொத்தின் பெறுமதியைப் பொறுத்து, மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கிட்டு ஒருவர் நிர்வாகியாக நியமனம் பெற வேண்டும்.

லொக் புக்கில் துரையின் சொந்தப் பெயரா, தோட்டக் கம்பனியின் பெயரா என்பதையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கம்பனிப் பெயர் என்றால் கதையே வேறு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, பின்னர் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமைக்குப் போயின. அந்தச் சங்கிலியில் கார் யாரிடம் வந்து நின்றது என்று எழுத்தில் ஒருவர் சொல்லாமல் ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கையொப்பமிட்ட படிவத்தைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். அதில் பழைய உரிமையாளரின் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் இருக்கின்றனவா? படிவம் இப்போது அச்சடிக்கப்படும் வடிவில் இருந்தால், 1970களில் போனவர் அதில் எப்போது, எங்கே இருந்து கையொப்பமிட்டார்? திகதியை நிரப்பாமல் விட்டிருக்கிறார்களா? இப்படித் திகதி போடாமல் கையொப்பமிட்ட படிவத்தைச் சந்தையில் 'ஓபன் பேப்பர்' என்று சாதாரணமாகப் பேசுவார்கள். போலிக் கையொப்பம் என்று தெரிந்துகொண்டே அதைத் திணைக்களத்தில் கொடுத்தால், விற்றவரோடு நீங்களும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டி வரும். இன்றே செய்ய வேண்டியது, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி அந்த இலக்கத்துக்கான பதிவு விபரத்தைப் பெறுவது. பதிவு உரிமையாளர், பூரண உரிமையாளர் (கடன் கொடுத்த நிதி நிறுவனம் போன்றவர்) யாராவது உண்டா, செசி இலக்கம், என்ஜின் இலக்கம் எல்லாம் அதில் வரும்.

இனித் துரு. பழைய கார் ஒன்றைத் தனியாளிடம் வாங்கும்போது, 'தரமானதாக இருக்கும்' என்ற உத்தரவாதத்தைச் சட்டம் தானாகச் சேர்த்துத் தருவதில்லை. அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான் அது பொருந்தும். வாங்கும் முன் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு வியாபாரியிடம்கூடக் கேட்க முடியாது. ஆகவே 'கார் துருப்பிடித்தது' என்று மட்டும் வழக்கிட்டால் தோற்கலாம்.

உங்களைக் காப்பாற்றுவது அந்த வட்ஸ்அப் செய்தி. 'நல்ல கார்', 'ராசியான கார்' என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு, அதற்குச் சட்டத்தில் விலை இல்லை. 'செசியில் துரு இல்லை' என்பது உண்மையா பொய்யா என்று சோதிக்கக்கூடிய கூற்று. அதை நம்பித்தான் பணம் கொடுத்தீர்கள். தரகர் விற்பவருக்காகப் பேசியவர் என்றால் அவர் வாக்கு விற்பவரையும் கட்டும். அதற்கு மேல் பைபரும் தாரும். துரு தானாக வரும், பைபர் துணி தானாக வந்து ஒட்டாது. ஓட்டையை யாரோ பார்த்திருக்கிறார், மூடியிருக்கிறார். அதை விற்பவர் செய்தார், அல்லது தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் இது மோசடியான மறைப்பு. 'உள்ளபடியே விற்கிறேன்' என்ற வாசகமோ, 'திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வாசகமோ மோசடிக்குக் குடை பிடிக்காது. விற்கும் உரிமை இல்லாதவருக்கும் அந்த வாசகம் உதவாது. மாறாக, காரணம் எதுவும் இல்லாமல் மனம் மாறி விலகினால் முற்பணம் போய்விடும். அதனால் விலகுவதற்கான காரணத்தை எழுத்தில் வைத்த பிறகே விலகுங்கள்.

ஆதாரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கார் இன்னும் உங்களுடையது அல்ல. சுத்தியலால் தட்டித் தாரை உரித்து ஓட்டையைப் பெரிதாக்கினால், 'இவர்தான் உடைத்தார்' என்பார்கள். மூடிய நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கிட்டவும் எட்டவும் படம் எடுங்கள். பிறகு விற்பவருக்குத் திகதி குறித்து அறிவித்து, அவர் முன்னிலையில் மெக்கானிக் பார்க்கட்டும். வராவிட்டால் வரவில்லை என்பதும் குறிப்பில் இருக்கட்டும். மெக்கானிக் என்ன கண்டார் என்பதைச் சத்தியக்கடதாசியாக எடுத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன் ஷொட் எடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கையடக்கத் தொலைபேசியையும் செய்தியையும் அப்படியே வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி அது சான்றாக ஏற்கப்படக்கூடியது.

காரை வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம், வேலை தொடங்கவும் வேண்டாம். குறித்த ஒரு பொருளின் உரித்து வாங்குபவருக்கு மாறிவிட்டால், பொதுவாகப் பொருளை நிராகரிக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமையே மிஞ்சும். மீதி 14 இலட்சமும் பெயர் மாற்றமும் பாக்கி இருப்பதால் உரித்து இன்னும் மாறவில்லை என்று இன்று வாதாடலாம். கராஜில் ஏற்றி வெட்டத் தொடங்கிய பிறகு அந்த வாதம் எடுபடாது.

அடுத்தது சட்டத்தரணி மூலம், பதிவுத் தபாலில், கோரிக்கைக் கடிதம். அதில் இரண்டு விடயங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். 14 நாட்களுக்குள் விற்கும் உரிமையை நிரூபிக்கும் ஆவணங்களைத் தர வேண்டும், தவறினால் 4 இலட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். செசி பற்றிய பொய்யான கூற்றின் காரணமாக ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமையை நீங்கள் கைவிடவில்லை. 'பணம் தராவிட்டால் பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன்' என்ற வரி அதில் வேண்டாம். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். ஏமாற்றி சொத்தைக் கையளிக்கச் செய்வது தண்டனைச் சட்டக் கோவையின் 398, 403ஆம் பிரிவுகளின் கீழ் குற்றம்தான், முறைப்பாடு செய்யலாம். ஆனால் இப்படியான விடயத்தைச் சிவில் பிணக்கு என்று பொலிஸ் ஒதுக்குவது வழக்கம்.

வழக்கு என்று வந்தால், எதிராளி வசிக்கும் இடத்து அல்லது ஒப்பந்தம் நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றம். தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் இருந்தால் முதலில் அங்கே போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, மோசடி போன்ற தீங்குக்கு நட்டஈடு கேட்க 2 ஆண்டு. உங்களிடம் இருப்பது அரைகுறைப் பற்றுச்சீட்டு. இரண்டு ஆண்டு என்றே மனதில் வைத்து நடங்கள். தரகர் வாகன வியாபாரமே செய்பவர் என்றால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தகவலுக்கு 1977.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கார்தான் வேண்டும் என்றால், அதுவும் புரிந்துகொள்ளக்கூடிய ஆசைதான். நுவரெலியா மஹகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றக் கார்ப் பந்தயம் கண்ட ஊர் நம்முடையது. விலை பேசும் முன் செசியை முழுதாகப் பாருங்கள். இந்த மாடலில் உடலும் செசியும் தனித்தனி. செசி பெட்டி வடிவில் மடித்த தகடு, பின்பக்கம் அச்சுக்குக் கீழாக ஓடுகிறது. கொட்டகை மண்தரை, வருடத்தில் பாதி நாள் மூடுபனி. பெட்டிக்குள் தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்து வெளியே தின்னும். அதனால்தான் வெளியே தெரியும் துளை எப்போதும் உண்மையான சேதத்தை விடச் சிறியது. பின்பக்க ஸ்பிரிங்கின் முனைகள் செசியில் பூட்டும் இடங்கள், அச்சுக்குக் கீழே வளையும் பகுதி, உடலைத் தாங்கும் பக்கக் கைகள், முன் சஸ்பென்ஷன் கோபுரங்களின் அடி ஆகியவற்றை வலமும் இடமும் தட்டிப் பாருங்கள். கதவு இடைவெளி மேலே ஒடுங்கி, கீழே விரிந்திருந்தால் நடு உடல் தொய்ந்துவிட்டது. முன்னிருந்து பின்னுக்கு மூலைவிட்டமாக இரு பக்கமும் அளந்தால், சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செசி கோணல். அப்போது பேச வேண்டிய விலை பாகங்களுக்கான விலைதான்.

துருவின் மேல் தகடு வைத்து ஒட்டுவது பைபர் ஒட்டுவதற்கு அண்ணன். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, மூலத் தடிப்புக்கு ஈடான மைல்ட் ஸ்டீலில் மிக் வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு அடித்து, நீர் வடியும் துளைகளைத் திறந்து விட வேண்டும். உடலைத் தூக்கும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே கம்பி வெல்ட் செய்யாவிட்டால், பிறகு கதவு மூடாது.

வேறு செசி போடலாமா என்ற உங்கள் கேள்விக்கு: திணைக்களத்தின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் வேண்டாம். இந்தக் காரின் இலக்கம் என்ஜின் அறையின் பின்சுவரில் பூட்டிய தகட்டில் இருக்கிறது, 'டீஎஸ்' என்று தொடங்கும். என்ஜின் இலக்கமும் அதே எழுத்தில் தொடங்கி 'ஈ' என்று முடியும். இரண்டும் ஒரே இலக்கமாக இருக்காது, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தாலோ, பதிவு விபரத்தோடு ஓரெழுத்து மாறினாலோ அங்கேயே நிறுத்துங்கள். பழுதுபார்ப்பது குற்றமில்லை. தகட்டை இடம்மாற்றுவதும், இலக்கத்தைத் தேய்ப்பதும், கொண்டுவந்த பாகங்களில் புதிய காரொன்றைக் கட்டிப் பழைய இலக்கத்தைப் போடுவதும் வாகனத்தையே பறிகொடுக்கும் வழி. வெளிநாட்டிலிருந்து செசி எடுப்பதென்றால், ஓடர் போடும் முன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் கேளுங்கள்.

புதிய ஒப்பந்தத்தில் குறைத்த விலை, கண்ட குறைகளின் படங்கள், எல்லா வாரிசுகளின் கையொப்பம், பெயர் மாற்றத்துக்கான ஆவணங்கள் கையில் வரும் நாளில்தான் மீதிப் பணமும் உரித்தும் மாறும் என்ற வாசகம் ஆகியவை இருக்கட்டும். கொடுத்த 4 இலட்சமும் விலையின் பகுதி என்றும், பெயர் மாற்றம் நடக்காவிட்டால் திரும்ப வரும் என்றும் எழுதுங்கள். கைமாறியதும் 14 நாட்களுக்குள் இரு தரப்பும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நிறுத்தி வைத்ததாக யாரும் அறிவிக்காமல் விட்டிருந்தால் வருமான அனுமதிப்பத்திர நிலுவை எழும்பலாம். பிரதேச செயலகத்தில் தொகையைக் கேட்டு, அதை விற்பவர் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். காரை எடுத்துவரும்போது கெரியர் லொறியில் ஏற்றுங்கள். அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாத காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தாலும் வழக்கு வழக்குத்தான், அந்தச் செசி வளைவுகளில் இழுவையைத் தாங்குமா என்பது வேறு.