கூடுதலாக வந்த பார்சல், இரண்டு முறை வந்த ரீஃபண்ட்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் ஆர்டர் செய்த ஹெட்போன் வராததால் புகார் கொடுத்தேன். மாற்றாக அதே ஹெட்போனை இன்னொன்று அனுப்பினார்கள். பிறகு பார்த்தால், தொலைந்ததாகச் சொன்ன முதல் பார்சலும் வந்துவிட்டது. தவறு அவர்களுடையதுதானே, நான் வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: தவறு அவர்களுடையதுதான். அதனால் பொருள் உங்களுடையது ஆகிவிடாது. காலாவதியான பாலிசி என்பதை மறந்து பணம் கொடுத்துவிட்ட காப்பீட்டு நிறுவனம் ஒன்று, கொடுத்தவர் எவ்வளவு கவனக்குறைவாக இருந்திருந்தாலும் அதைத் திரும்பக் கேட்கலாம் என்று 1841இல் இங்கிலாந்தின் கெல்லி - சொலாரி வழக்கில் நீதிமன்றம் சொன்னது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 72ஆம் பிரிவும் தவறுதலாக வந்த பணத்தையும் பொருளையும் திருப்பித் தரவேண்டும் என்றே சொல்கிறது.

'கேட்காமல் வந்தது இலவசம்' என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டம் இருப்பது உண்மை. ஆனால், ஆர்டரே செய்யாதவர் வீட்டுக்குப் பொருளை அனுப்பிவிட்டுப் பிறகு பில்லை நீட்டும் வியாபாரிகளை அடக்க வந்தது அது. நீங்கள் ஆர்டர் செய்த கடை தடுமாறியதற்கு அதைக் கேடயமாகப் பிடிப்பது நியாயமாகப் படவில்லை.

உங்கள் கடமை தகவல் சொல்வதோடு சரி. கூரியர் செலவோ அலைச்சலோ உங்கள் தலையில் விழக்கூடாது. சீலை உடைக்காமல், லேபிள் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஆர்டர் எண், இரண்டு டிராக்கிங் எண்கள், 'ஒன்று கூடுதலாக வந்துள்ளது, உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற வரி, இவ்வளவையும் சாட்டிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். போனில் சொன்னால் சாட்சி இருக்காது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆப்பில் இருக்கும் 'ரிட்டர்ன்' பட்டனை அழுத்திவிடுவார்கள். அது உங்கள் ஆர்டரையே திருப்பி அனுப்புவதாக எடுத்துக்கொண்டு, பொருளுக்கான பணத்தையும் உங்கள் கணக்கில் போட்டுவிடும். ஒரு குழப்பம் இரண்டாகும். பிக்கப் ஆள் வந்தால், ரசீது கையில் வராமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வருவதும் சகஜம்தான். திரும்ப எடுக்கும் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பொருள் உங்களுடையது. தளத்தில் கடை போட்டிருக்கும் தனி விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால், தளத்தின் கஸ்டமர் கேர் தாராளமாகச் சொல்லும் 'வைத்துக்கொள்ளுங்கள்' அந்தச் சின்ன வியாபாரியின் நஷ்டமாக முடியலாம். அவருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பதிலே வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டி, ஒரு மாதம் பத்திரமாக வைத்திருங்கள். அதற்குப் பிறகு பயன்படுத்தினால் உங்களைக் குறை சொல்லமாட்டோம்.

கேள்வி: திருப்பி அனுப்பிய பொருளுக்கு ரீஃபண்ட் இரண்டு முறை ஏறியிருக்கிறது. கடை இதுவரை கேட்கவில்லை. செலவழிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அது உண்மையிலேயே இரண்டா என்று பாருங்கள். கார்டு ரீஃபண்ட் ஒவ்வொன்றுக்கும் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க அடையாள எண் உண்டு. வங்கியிடம் கேட்டால் தருவார்கள். இரண்டு வரவுக்கும் ஒரே எண் என்றால், ஒரே தொகை ஸ்டேட்மென்டில் இரண்டு இடத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

எண்கள் வேறு என்றால், நீங்கள் வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார், போட்டீர்களா என்று யோசியுங்கள். போட்டிருந்தால், கடை ஒருபக்கம் பணத்தைத் திருப்ப, வங்கி மறுபக்கம் தற்காலிகமாக வரவு வைத்திருக்கும். விசாரணை முடிந்ததும் அதை வங்கியே எடுத்துவிடும். அதற்குள் செலவழித்தவர்களுக்குத்தான் கணக்கு மைனஸில் போகும். டிஸ்ப்யூட்டை நீங்களே வாபஸ் வாங்குவது நல்லது. டிஸ்ப்யூட் போடவே இல்லை என்றால், இரண்டு ஏஆர்என் எண்களையும் கடைக்கு எழுதி அனுப்புங்கள்.

பொருள் விஷயத்தில் சொன்ன ஒரு மாதக் கணக்கு பணத்துக்குச் செல்லாது. திரும்பக் கேட்டு வழக்குப் போட இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு அவகாசம் உண்டு. தெரியாமல் நல்லெண்ணத்தோடு செலவழித்துவிட்டவருக்கு 1991இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு பாதுகாப்பை ஏற்றது. கூடுதல் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அது உங்களுக்கு உதவாது.

யாராவது போன் செய்து, 'கூடுதலாக அனுப்பிவிட்டோம், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்கள்' என்றால் போனை வைத்துவிடுங்கள். அது நன்றாகவே பழகிய மோசடி. பணம் வந்த வழியாகவே திரும்ப வேண்டும்.

கேள்வி: பெரிய நிறுவனம்தானே, இது அவர்களுக்குத் தெரியவா போகிறது?

பதில்: இருப்பில் ஒன்று குறைந்தால் கேள்வி முதலாளியிடம் போகாது, பெட்டி கட்டியவரிடம் போகும்.

கேள்வி: ஆர்டரே செய்யாத சின்னப் பார்சல்கள் என் பெயருக்கு வருகின்றன. யாருக்குத் திருப்பி அனுப்புவது?

பதில்: இது தவறுதலாக வந்ததாகத் தெரியவில்லை. உங்கள் பெயரில் போலி ஆர்டர் போட்டு, டெலிவரி ஆனதாகக் காட்டி, தங்கள் பொருளுக்குத் தாங்களே ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதும் வித்தை. திருப்பி அனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை. உள்ளே க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள். தளத்தில் புகார் கொடுத்துவிட்டு, கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெட்டியில் இருப்பது அடுத்த வீட்டுக்காரர் பெயரென்றால் கதை வேறு. பிரிக்காமல் அவரிடமோ கூரியரிடமோ கொடுத்துவிடுங்கள்.