இத்தாலியத் திரைப்பட நடிகை கிளாடியா கார்டினாலேவின் தொடக்கப் படங்களில் கேட்பது ஏன் அவருடைய குரல் அல்ல?

காரணம் டப்பிங். நடிப்பவர் ஒருவர், படம் எடுத்த பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அவருக்காகப் பேசுபவர் வேறொருவர்.

கார்டினாலே 1938-ல் துனிசியாவில், சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சும் துனிசிய அரபியும் வீட்டில் சிசிலியப் பேச்சும் கேட்டு வளர்ந்தார். இத்தாலிய மொழி சரளமில்லை. 1957-ல் துனிஸில் நடந்த அழகிப் போட்டியில் வென்றார். பரிசு, வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் பயணம். அங்கேதான் சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டார். முகம் பிடித்துப்போயிற்று. ஆனால் பிரெஞ்சு வாடையும் கரகரத்த குரலும் அன்றைய கதாநாயகிக்கு ஒத்துவராது என்று நினைத்தார்கள்.

குரலை மாற்றுவது அங்கே பெரிய வேலையும் அல்ல. அக்கால இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்த்தார்கள். கல்யாண வீடியோவில் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைச் சேர்ப்பது மாதிரி.

1963-ல் வந்த 'எட்டரை' படத்தில்தான், இயக்குநர் ஃபெலினி அவரைச் சொந்தக் குரலில் பேசவிட்டார். அந்தக் கரகரப்புதான் ஃபெலினிக்குப் பிடித்திருந்தது! அதே சமயத்தில் இன்னொரு இயக்குநரான விஸ்கோன்டியின் 'சிறுத்தை' படத்திலும் கார்டினாலே நடித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்குக் கருங்கூந்தல் வேண்டும், இன்னொருவருக்கு வெளிர் நிறம். பாவம், அந்தத் தலைமுடி என்ன பாடுபட்டிருக்கும்!

அப்புறம், நடிக்கத் தெரியாததால் குரலை மாற்றினார்கள் என்று சிலர் நினைப்பது தவறு; 'சிறுத்தை'யின் இத்தாலியப் பதிப்பில் ஹாலிவுட் நட்சத்திரம் பர்ட் லங்காஸ்டருக்கே இரவல் குரல்தான்.